காணாமல் போன ரப்பர் வளையம்

ஆரணி–சேத்துப்பட்டு சாலையில் இருக்கும் எங்கள் வாட்டர் வாஷ் ஷெட்டில், சைக்கிள் டியூபிலிருந்து வெட்டி எடுக்கப்பட்ட ரப்பர் வளையம் ஒன்று இன்று பிற்பகல் காணாமல் போய்விட்டது என்பதை மிகுந்த துயரத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன். அதற்கு வயது பதினோரு நாள். நிறம் கறுப்பு, அகலம் ஒரு கட்டைவிரல், குணம் இறுக்கம். அதன் உடன்பிறந்த இன்னொரு வளையம் துக்கம் தாளாமல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. தேடும் பணி என் அப்பாவின் தலைமையில் நடக்கிறது. தலைவரும் அவரே, தொண்டரும் அவரே. இந்த நிமிடம் அவர் வாசல் பக்கத்துத் தண்ணீர்த் தொட்டியருகே முழங்கால் போட்டு, கையில் விளக்கோடு தரையைத் துழாவிக்கொண்டிருக்கிறார். நான் ஷெட்டின் கடைசியில் பெஞ்சில் உட்கார்ந்து மடியில் நோட்டை விரித்திருக்கிறேன். ஃபிசிக்ஸ் ரெக்கார்டு எழுதுகிறேன் என்று அவரிடம் சொல்லியிருக்கிறேன். எழுதுவது உனக்கு.

மகனே, நீ இன்னும் பிறக்கவில்லை. எனக்குப் பதினேழு வயது, பிளஸ் டூ படிக்கிறேன். உன் அம்மா யார் என்பது எனக்கும் தெரியாது, பாவம் அந்தப் பெண்ணுக்கும் தெரியாது. நீ இதைப் படிக்கும்போது உனக்கு இருபத்தைந்து வயது என்று வைத்துக்கொண்டிருக்கிறேன். ஆக, உன்னைவிட எட்டு வயது சின்னவனான அப்பன் உனக்குப் புத்தி சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள். பொதுவாக அப்பாக்கள் மகனுக்குக் கடிதம் எழுதுவது அவனுக்குக் கல்யாணம் நிச்சயமானபோது, அல்லது அவன் ஊரைவிட்டுக் கிளம்பும்போது, அல்லது தங்கள் முட்டி வலிக்க ஆரம்பித்தபோது. அதற்குள் தாங்கள் பயந்ததெல்லாம் அவர்களுக்கு மறந்துவிடுகிறது. வழியில் பாம்பை மிதித்தேன் என்று எழுதுவார்கள், அப்போது கால்சட்டை நனைந்ததை எழுத மாட்டார்கள். முப்பது வருஷம் கழித்து எழுதினால் நானும் அப்படித்தான் எழுதுவேன், என்னை எனக்குத் தெரியும். அதனால் பயம் காயாமல் ஈரமாக இருக்கும்போதே எழுதிவிடுகிறேன். இந்தப் பக்கத்தின் ஓரம் ஊறியிருப்பது மை கசிந்ததால் அல்ல, என் உள்ளங்கை வேர்த்ததால்.

எங்கள் வீட்டில் அம்மா பட்டுப்புடவை நெய்கிறார். கூடத்தில் பாதியைத் தறி எடுத்துக்கொண்டது, மீதியில் நாங்கள் இருக்கிறோம். அப்பா கார் கழுவிப் பாலீஷ் போடுகிறார். கழுவுவது அவர் தொழில், நழுவுவது என் தொழில் என்று நானே ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். பிரேக்கை மிதித்தால் ஹாரன் அடிக்கும்படி ஒருவர் வண்டியில் ஒயரை மாற்றி வைத்தவன் நான். அவர் போளூர் போய்ச் சேரும்வரை வழியெல்லாம் மாடுகள் ஒதுங்கி மரியாதை கொடுத்தனவாம். இதையெல்லாம் நீ செய்யாதே என்று சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. ஆனால் போன வருஷம் செய்த ஒன்றை மட்டும் செய்யாதே, அது என்னவென்று சொல்கிறேன்.

ஒரு வெள்ளைக் கார் பாலீஷ் முடிந்து நின்றிருந்தது. அம்மாவின் தறியடியில் கிடந்த கறுப்புப் பட்டு நூல் ஒன்றை எடுத்து, எச்சில் தொட்டு, கதவின் குறுக்கே நீளமாக ஒட்டிவைத்தேன். பார்த்தால் சாவியால் கீறின கோடு போலவே இருந்தது. அப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கத்துவார், நான் ஓடுவேன், பிறகு நூலை உருவிக் காட்டுவேன் என்பது திட்டம். அவர் கத்தவில்லை. அப்படியே கீழே உட்கார்ந்துவிட்டார். தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "எதுலடா பட்டுச்சு? என் மோதிரமா?" என்று மெல்லக் கேட்டார். நான் அவசரமாக நூலை உருவினேன். அவரும் சிரித்தார். ஆனால் உடனே சிரிக்கவில்லை. நூல் என் விரலில் தொங்கிய பிறகும் சற்று நேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார், அதற்குப் பிறகுதான் சிரித்தார். மகனே, என்னை நீ ஏமாற்றலாம், உரிமை தருகிறேன். ஆனால் நான் சிரிக்க எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறேன் என்று கவனி. அந்த இடைவெளியில்தான் ஓர் அப்பாவின் பயமெல்லாம் நிற்கிறது. அன்றைக்குத்தான் எனக்கு முதன்முதலாக அப்பாவுக்காகப் பயம் வந்தது. அதுவரை அப்பாவிடம் மட்டுமே பயந்திருந்தேன்.

(அப்பா தொட்டியை முடித்துவிட்டார். இப்போது கம்ப்ரசர் பக்கம்.)

இனி விளக்கின் கதை. பாலீஷ் போட்ட காரைக் கெடுப்பது பெரிய கீறல் அல்ல, தேய்த்த துணியும் பாலீஷ் சுழற்றுகிற பஃபும் விட்டுப்போகிற மெல்லிய வட்டக் கோடுகள். சிலந்தி வலை மாதிரி இருக்கும். ஷெட்டின் டியூப்லைட்டில் ஒன்றும் தெரியாது, கண்ணாடி போல மினுங்கும். வண்டிக்காரர் வீட்டுக்குக் கொண்டுபோய் வெயிலில் நிறுத்தியதும் வலை விரியும், அவர் திரும்பி வருவார். வெயிலிலேயே வைத்துத் தேய்க்கலாமென்றால் பாலீஷ் மருந்து உடனே காய்ந்து திட்டுத் திட்டாகப் பிடித்துக்கொள்ளும். அதனால் உள்ளே தேய்ப்பது, வெளியே தள்ளிப் பார்ப்பது, மறுபடி உள்ளே தள்ளுவது. தள்ளுவது நான். இதற்கென்றே வெளிநாட்டு விளக்கு உண்டு; அப்பா ஒருமுறை சென்னைக் கடையில் அதைக் கையில் எடுத்து, விலைச் சீட்டைப் பார்த்து, தூங்குகிற குழந்தையைக் கிடத்துவதுபோல் திருப்பி வைத்துவிட்டு வந்தார். போதாததற்கு இப்போது தினமும் மணிக்கணக்கில் மின்வெட்டு. கரன்ட் போனால் டியூப்லைட்டும் இல்லை.

எனக்கு யோசனை வந்தது சோம்பேறித்தனத்தால்தான், ஒளிக்கவில்லை. அம்மா தறியில் புடவையைச் சரிபார்க்கும்போது நேராகப் பார்ப்பதில்லை. கன்னம் துணியைத் தொடுமளவு தலையைச் சாய்த்து, ஜன்னல் வெளிச்சம் துணியின்மேல் படுக்கையாக ஓடுகிற பக்கமாகப் பார்ப்பார். விட்டுப்போன ஓர் இழை அப்போதுதான் பள்ளம் மாதிரி தெரியும். பட்டுக்கு அது சரி என்றால் பெயின்ட்டுக்கும் சரிதானே? வெளிச்சம் மேலிருந்து விழக்கூடாது, படுத்துக்கொண்டு ஓட வேண்டும். ஓடுவதற்கென்றே எங்கள் வீட்டில் ஒரு சாமான் இருக்கிறது. அதுதான் நாடா. தறியில் ஊடை நூலை வயிற்றில் வைத்துக்கொண்டு இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிற மரப் படகு. கைக்கு அடக்கம், நடுவில் குழி, இரண்டு முனையிலும் இரும்பு மூக்கு. அம்மா ஒதுக்கிப்போட்ட பழைய நாடா ஒன்றை எடுத்துக்கொண்டேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் தன் அண்ணனுக்கு உதவியாக இருக்கிறான் என் சிநேகிதன் சாதிக். அங்கே ஈயம் பற்றவைக்கும் கருவி உண்டு. கெட்டுப்போன சீனா எமர்ஜென்சி விளக்குகளைப் பிரித்து வெள்ளை எல்.இ.டி.யாகப் பன்னிரண்டு எடுத்தோம். முதல் தடவை நேராக பேட்டரியில் கொடுத்தோம், பன்னிரண்டும் ஒரே மூச்சில் செத்தன. "பேஜார் புடிச்சவனே, ஃபிசிக்ஸ்ல இன்னாதான் படிக்கிற?" என்று சாதிக் கேட்டான். அன்றைக்குத்தான் ரெசிஸ்டர் என்பது பரீட்சைக்கு மட்டும் உண்டானதல்ல என்று தெரிந்தது. பட்டு நெய்கிற ஊரில் பிறந்தவன் பட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். இரண்டாவது தடவை வேறு பன்னிரண்டு எடுத்து மூன்று மூன்றாகக் கோத்து, ஒவ்வொரு கோவைக்கும் ஒரு ரெசிஸ்டர் வைத்து, நாடாவின் குழிக்குள் வரிசையாகப் பதித்தோம். பழைய பைக் பேட்டரியில் ஒயரை மாட்டினோம். தறியில் நாடாவுக்குப் பின்னால் நூல் ஓடும், என் நாடாவுக்குப் பின்னால் ஒயர் ஓடும். இரும்பு மூக்கு பெயின்ட்டைத் தொட்டுவிடக்கூடாதே என்று சைக்கிள் டியூபை வெட்டி இரண்டு முனைக்கும் வளையம் மாட்டியதும் நான்தான், கவனித்துக்கொள். பாதுகாப்பைப் பற்றி இந்தத் தெருவிலேயே யோசித்த முதல் ஆள் உன் அப்பன். மொத்தச் செலவு ஒரு வண்டி கழுவுகிற கூலிக்குள் முடிந்தது.

அப்பா அதை ஒரு கதவின்மேல் படுக்க வைத்து ஸ்விட்சைப் போட்டார். வலை முழுதும் தெரிந்தது. துணியை எடுத்துத் தேய்த்தார், பார்த்தார், தேய்த்தார். அன்று காரை ஒருமுறைகூட வெளியே தள்ளவில்லை. மறுநாள் டீக்கடையில் யாரிடமோ, "என் பையன் செஞ்சான்" என்று சொல்லிக்கொண்டிருந்தது என் காதில் விழுந்தது. அதுவரை நான் "இந்தப் பையன்". ஹாரன் ஒயரை மாற்றியவன் இந்தப் பையன், வெள்ளைக் காரில் நூல் ஒட்டியவன் இந்தப் பையன். "என் பையன்" ஆனது பத்து நாளைக்கு முன்னால்தான். நான் எதற்காகப் பயப்படுகிறேன் என்று இனிமேலும் நீ கேட்கக்கூடாது.

(கம்ப்ரசர் முடிந்தது. ஜாக் கிடக்கிற மூலைக்கு வந்துவிட்டார். வெளிச்சம் சுவரோரமாக ஊர்ந்து வருகிறது. நான் செய்த விளக்கு மிக நன்றாக எரிகிறது, அதுதான் பிரச்சினை.)

இன்று காலை பட்டுக் கடை தணிகாசலத்தின் கறுப்புக் கார் வந்தது. நாளை சாயங்காலம் அவர் மகள் கல்யாணத்தில் மாப்பிள்ளை அழைப்புக்குப் போகிற வண்டி. அம்மாவுக்குத் தறியில் ஏற்றப் பாவு நூல் கொடுத்துப் புடவை வாங்குகிறவரும் அவர்தான். ஆக எங்கள் வீட்டுச் சோற்றுப் பானையின் இரண்டு காதும் அவர் கையில். நாலு மணிக்கு வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போனார். மத்தியானத்துக்குள் அப்பா முக்கால் வேலையை முடித்துவிட்டு, வாக்ஸ் தீர்ந்துபோனதால் வாங்கப் புறப்பட்டார். போகும்போது, "பானெட்ட மட்டும் லைட்டு வெச்சுப் பாத்து வெய்யிடா. தேய்க்காத, பாரு, அவ்ளோதான்" என்றார். அவர் போனதும் கரன்ட் போனது. கரன்ட் போனதும் சாதிக் வந்தான், விளக்கு நிஜமான காரில் எரிவதைப் பார்க்க வேண்டுமாம்.

பார்த்துக்கொண்டிருந்தபோது அது நடந்தது. ஒரு முனையின் வளையம் எப்படியோ நழுவியிருக்கிறது. இரும்பு மூக்கு பானெட்டின்மேல் ஒரு முழத்துக்கு ஓடிவிட்டது. சத்தம்கூட வரவில்லை. விளக்கு தன் பக்கத்திலேயே, தானே போட்ட கோட்டை, முடி முடியாகக் காட்டியது. கறுப்பில் வெள்ளைக் கோடு. நான் செய்ததிலேயே சிறந்த விளக்கு என்று நிரூபிக்க இதைவிட வேறென்ன வேண்டும்?

சாதிக்தான் முதலில் பேசினான். "லைட்ட அணை. ஜல்தி." அணைத்தேன். கோடு இல்லை. மின்வெட்டில் அரை இருட்டாய்க் கிடந்த ஷெட்டில் பானெட் குளம் மாதிரி கறுப்பாக இருந்தது. "பாத்தியா, ஒண்ணுமே இல்ல. நாளைக்கு வெயில்ல தெரிஞ்சா ரோட்டுக் கல்லு பட்டுச்சுன்னு நெனச்சுக்குவாங்க" என்று சொல்லிவிட்டு அவன் போய்விட்டான். மகனே, அந்த ஒரு மணி நேரத்தை உனக்கு எப்படிச் சொல்வேன்? என் கையில் ஒரு ஸ்விட்ச் இருந்தது. போட்டால் அப்பாவின் பெயர் போகும், அம்மாவின் தறி நிற்கும், நான் மறுபடி இந்தப் பையன் ஆவேன். போடாவிட்டால் ஒன்றுமே நடக்கவில்லை. நாளைக்கு மேளம் முழங்க மாப்பிள்ளை ஊர்வலம் போகும்போது, சாயங்கால வெயில் பானெட்டின்மேல் படுக்கையாக விழும். அம்மா தலையைச் சாய்த்துப் பார்க்கிற அதே வெளிச்சம். பட்டுக் கடைக்காரருக்கு அந்தப் பார்வையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. இரண்டு முறை சாலைவரை போய்த் திரும்பி வந்தேன்.

அம்மாவுக்கு ஒரு வழக்கம் உண்டு. புடவையில் எங்கேயாவது குறை விழுந்துவிட்டால், அதற்கு நேராகக் கரையில் சின்னதாக ஒரு நூலை முடிந்து கடைக்கு அனுப்புவார். தணிகாசலம் பிரித்ததும் நூலைப் பார்ப்பார், குறை எங்கே என்று அவருக்குத் தெரிந்துவிடும், பேச்சே வேண்டாம். "நம்ம தப்ப அவரு தேடிக் கண்டுபுடிக்கக் கூடாது, நாமதான் காட்டிடணும்" என்பார் அம்மா. எனக்கு வாய் திறந்து சொல்லத் தைரியம் இல்லை. ஆனால் நூல் கட்டலாம். நாடாவில் நூல் வெளிவரும் கண்ணில் பழைய மஞ்சள் நூல் கொஞ்சம் சிக்கியிருந்தது. அதை உருவி, கோடு ஆரம்பிக்கிற இடத்துக்கு நேராக, பானெட் விளிம்பின் இடுக்கில் செருகி வைத்தேன். அந்த நூலை வைத்தவன் நான். யாரும் வைக்கச் சொல்லவில்லை. இதை நீ உன் பிள்ளைகளிடமும் சொல்ல வேண்டும்.

மூன்றரைக்கு அப்பா வந்தார். வாக்ஸ் டப்பாவைக் கீழே வைக்கும்போதே நூல் கண்ணில் பட்டுவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "மறுபடியும் நூலா? பழசா பூட்ச்சுடா இது" என்று சொல்லிக்கொண்டே அதைப் பிடுங்கி என்மேல் போட்டார். இந்தத் தடவை அவர் உடனே சிரித்தார். நான்தான் சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தார். சிரிப்பு அவர் முகத்திலேயே கொஞ்ச நேரம் வழி தெரியாமல் நின்றது. "லைட்டு போடு" என்றார்.

போட்டேன். கோட்டைப் பார்த்தார். அதையும் நூல் என்றே நினைத்து, நகத்தால் ஒரு முனையை நெருடி எடுக்கப் பார்த்தார். வரவில்லை. கட்டைவிரலை எச்சில் தொட்டுத் துடைத்தார். போகவில்லை. மறுபடி நகத்தை வைத்தார். நான் பார்த்த பயங்கரமான காட்சி எது என்று யாராவது கேட்டால் எனக்குப் பேயோ விபத்தோ ஞாபகம் வராது. நான் சொன்ன ஒரு பழைய பொய் இன்றைக்கும் பொய்யாகவே இருந்துவிடாதா என்று அப்பாவின் நகம் தேடியதுதான் வரும்.

"ரப்பர் எங்க?" என்று கேட்டார். "கழண்டு எங்கியோ வுழுந்துடுச்சுப்பா" என்றேன். அடிக்கவில்லை. உட்கார்ந்து மருந்து தொட்டு அரை மணி நேரம் கையாலேயே தேய்த்தார். ஒரு முழக் கோடு நாலு விரல் அளவுக்குச் சுருங்கியது. அந்த நாலு விரல் இடத்தில் நகம் மாட்டிக்கொண்டது, ஆழம். அதற்குமேல் தேய்க்கக் கூடாது என்று எழுந்தார். தரையில் கிடந்த மஞ்சள் நூலைத் தேடி எடுத்து, முன்பிருந்த இடுக்கிலேயே தன் கையால் செருகினார்.

தணிகாசலம் வந்தார், நூலைப் பார்த்தார், நின்றார். வேட்டியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு பானெட்டுக்குத் தலையைச் சாய்த்தார். அப்பாதான் விளக்கைப் பிடித்துக் காட்டினார். "ரப்பரு கழண்டுக்கினு கீறிடுச்சுங்க. பையன் மேல தப்பு இல்லீங்க. மாட்டினத நான்தான் இழுத்துப் பாத்து இருக்கணும், பாக்கல" என்றார். நான் அவர் பின்னால் நின்றேன். தணிகாசலம் கோட்டை விரலால் தடவிப் பார்த்தார். பிறகு, நாளைக்கு அந்த இடத்தில் பூ அலங்காரம் வரும், மறைந்துவிடும், கல்யாணம் முடிந்ததும் பெயின்ட் அடித்துக் கொடுத்துவிடு என்றார். அதோடு கிளம்பியிருக்கலாம். விளக்கைக் கையில் வாங்கினார், தன் பட்டு அங்கவஸ்திரத்தின்மேல் படுக்க வைத்துப் பார்த்தார். "கரன்ட் இல்லாதப்ப புடவை பாக்க முடியல. எனக்கு ஒண்ணு செஞ்சு குடுக்கச் சொல்லு உன் பையன. ஆனா ரப்பரு கழண்டுக்கற மாரி இருந்தா வேணாம்ப்பா. காருன்னா கோடு வுழும், பட்டுன்னா கிழியும்" என்றார்.

அவர் போனதிலிருந்து அப்பா தேடுகிறார். வேறு வளையம் வெட்டித் தருகிறேன் என்றேன். "புதுசு வெட்டறது பெருசில்லடா. அது ஏன் கழண்டுச்சுன்னு தெரியணுமில்ல? வாய் பெருசாப் பூட்ச்சா, சூட்டுல இளகிச்சா, பாத்தாதான் தெரியும். தெரியாம அவருக்கு ஒண்ணு செஞ்சு குடுத்துட்டு, அம்மா நெய்ஞ்ச பொடவ மேலயே கிழிச்சுதுன்னா?" என்று சொல்லிவிட்டு விளக்கோடு முழங்கால் போட்டவர்தான். முட்டி வலிக்கிறது போல, எழும்போதெல்லாம் சுவரைப் பிடிக்கிறார்.

மகனே, மேலே எழுதியதில் ஒரு வரியைத் திருத்த வேண்டும். முதல் வரியை. வளையம் காணாமல் போகவில்லை. என் சட்டைப் பையில் இருக்கிறது. நழுவவும் இல்லை, இளகவும் இல்லை, நான் மாட்டியபடி நல்ல இறுக்கமாகத்தான் இருந்தது. அதைக் கழற்ற நான் பல்லால் இழுக்க வேண்டியிருந்தது. "உங்க அம்மா மாரி நாடா வுட்டுக் காட்டு பாக்கலாம்" என்று சாதிக் சொன்னான். முன் முனையில் ரப்பர் இருந்தால் நாடா ஓடாது, தடுக்கும். கழற்றிப் பையில் போட்டுவிட்டு, இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு பானெட்டின் குறுக்கே விட்டேன். இரண்டு முறை அழகாக ஓடியது. மூன்றாவது முறை இன்னும் வேகமாக விட்டேன். பாதுகாப்பைப் பற்றி இந்தத் தெருவிலேயே முதலில் யோசித்தவன்தான் அதைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவனும். நூலை வைத்தேன், சரி. நூல் கோட்டைக் காட்டும். கோட்டைப் போட்டவனைக் காட்டாது.

இதை முதலில் உன்னிடம் சொல்லிப் பார்த்தேன், நீ இன்னும் பிறக்காததால் திட்ட மாட்டாய் என்று. வெளிச்சம் பெஞ்சின் காலடிக்கு வந்துவிட்டது. அப்பா குனிந்தபடியே, "கால கொஞ்சம் தூக்குடா" என்கிறார். தூக்கிவிட்டேன். அங்கே இல்லை என்று எனக்குத் தெரியும். நோட்டை மூடிவிட்டு, கையைப் பைக்குள் விடப்போகிறேன்.